பட்டாணிக்கு நாள் பார்த்தேன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் லாரிக்காரன் தொடங்கி கேபிள்காரன் வரை இந்தத் தாட்சாயிணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள்ளே பட்டாணி பிரசவ வலியில் முக்கிக்கொண்டிருந்தது.

பட்டாணி ஒரு கினி பிக். பேரில் பன்றி இருக்கிறதே தவிர, பன்றிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வால் இல்லாத கொழுத்த எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். சமையலறையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே விசிலடிக்கும். என் மகள் ரேகா அதன் மேல்தான் உயிரை வைத்திருந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ரேகாவுக்கு இருபத்து மூன்று வயது. திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை திருமுருகன் நல்ல மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வருடம் மாசியில், எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில், அவள் வயிற்றிலிருந்த பிள்ளையின் அசைவு நின்றுபோனது. ஆண் பிள்ளை. உயிரில்லாமல்தான் பிறந்தது. அதுவரைக்கும் ரேகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், தினமும் மின்சார ரயிலில், கூட்டத்தில் நின்றுகொண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவள் முகத்துக்கு நேராக நான் சொன்னேன்.

"ரயில்ல நின்னுகினு போவாத போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியாடி? இப்போ புள்ளய வாரிக் குடுத்துட்டு வந்து கீற."

சொல்லிவிட்டேன். ஸ்ட்ரெச்சர் வார்டுக்குள் போன பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, அவள் வேலைக்குப் போனதால் வந்தது இல்லை என்றார். மாப்பிள்ளை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் மட்டும்தான் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டால் ரேகாவுக்கு மறந்துபோகும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். சோறு வைத்தால் இரண்டு வாய். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, பேசிப் பார்த்து, பதில் வராமல் திரும்பிப் போவார். அழவும் இல்லை அவள். அழுதிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. நான் எஸ்டேட்டில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு நறுக்குகிற வேலைக்குப் போய்வருகிறவள். ஷிப்டு முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு நாளும், உள்ளே என்ன பார்க்கப் போகிறோமோ என்று வாசலிலிருந்தே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

என் வீட்டுக்காரர் உலகநாதன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குப் போய் ஒரு பழக்கூடையில் இந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று ஆண், ஒன்று பெண். பிறந்து இரண்டு மாதம் என்று விற்றவன் சொன்னானாம்.

"பொண்ணு எழுந்துக்க மாட்டேங்கறா, நீ எலி வாங்கிக்கினு வந்து கீற," என்று கத்தினேன். "புத்தி கெட்டுப்போச்சாயா உனுக்கு?"

"கம்முனு கெட தாட்சா. பாத்துக்கினாவது கெடக்கட்டும்," என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மூன்றாம் நாள் ரேகா எழுந்து கேரட் நறுக்கினாள். ஆணுக்குச் சோடா என்றும் பெண்ணுக்குப் பட்டாணி என்றும் பேர் வைத்தாள். பட்டாணி அவள் மடியில் ஏறிக்கொண்டு கீரை மெல்லும்போது இவளும் கூட உட்கார்ந்து சாப்பிடுவாள். அது சாப்பிடவில்லை என்றால் இவளும் சாப்பிட மாட்டாள். நான் அந்த எலியை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

எனக்குப் பதினெட்டு வயதில் ரேகா பிறந்தாள். மூன்று நாள் வலி. செத்துப் பிழைத்தேன். உடம்பு தேறாமல் எந்தப் பெண்ணும் பிள்ளை பெறக் கூடாது என்று அன்றைக்கு மனதில் போட்டுக்கொண்டவள் நான். ரேகா இருபத்தொன்றில் கல்யாணம் கட்டிக்கொண்டு போனதே எனக்கு ஆறவில்லை. அதனால் சோடாவையும் பட்டாணியையும் தனித்தனியாக விட்டு நடுவில் ஒரு பிளைவுட் பலகையைச் செருகினேன்.

"ஒண்ணா உட்டா இன்னாமா? ரெண்டும் கத்திக்கினே கீது," என்றாள் ரேகா.

"சின்னப் பொண்ணுடி அது. ஒடம்புல ஏதாவது கீதா பாரு. கொஞ்சம் தேறட்டும்."

ஆடி வந்தது. புதுசாகக் கட்டினவர்களையே பிரித்து வைக்கிற மாதம், இதுகளைச் சேர்ப்பார்களா? ஆவணியில் பார்க்கலாம் என்றிருந்தேன், ரேகாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. புரட்டாசி பெருமாள் மாதம், எங்கள் வீட்டில் கவுச்சிகூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது குட்டி பிறந்தால் எங்கே வைப்பது? மார்கழியில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். தை பிறக்கட்டும் என்றேன். தை பிறந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, வளர்பிறை முகூர்த்த நாளாகப் பார்த்து, காலை ஏழரைக்குள் பலகையை எடுத்தேன். சோடா குடுகுடுவென்று ஓடிவந்து பட்டாணியை முகர்ந்தான். ரேகா வாய்விட்டுச் சிரித்தாள். பதினோரு மாதம் கழித்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்ன மாதிரி ஆள் நான், எலிக்குக்கூட நாள் பார்த்துச் சேர்த்து வைத்தேன் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன்.

பட்டாணிக்கு வயிறு வைத்தது. நான் சும்மா இருப்பேனா? பொட்டுக்கடலை, வாழைப்பழம், கோதுமைத் தவிடு என்று ஊட்டி ஊட்டி வளர்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்தால் திரும்ப முடியாத அளவுக்கு ஊதிவிட்டது. ரேகா போனில் தேடித் தேடிப் படித்துச் சொல்வாள். குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்குமாம். உடம்பெல்லாம் முடி இருக்குமாம். அன்றைக்கே எழுந்து ஓடுமாம். அழகான சேதிகளை மட்டும் படித்திருக்கிறாள், பாவம். நான் அதுகூடப் படிக்கவில்லை. பிரசவத்தைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தரவேண்டும் என்ற மிதப்பு.

ஒரு நாள் சாயங்காலம் அவள் திருமுருகனிடம் போனில் பேசியது சமையலறையில் என் காதில் விழுந்தது.

"சித்திரைல வந்துடறேங்க. ஒரு குட்டிய எடுத்துக்கினு வரேன். ஒங்க அம்மா திட்ட மாட்டாங்கல்ல?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். என் மகள் எழுந்துவிட்டாள், புருஷன் வீட்டுக்குப் போகப் போகிறாள், இனி பிழைத்துக்கொள்வாள். அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முக்கல் ஆரம்பித்தது. பட்டாணி உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு முறை முக்கும்போதும் மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. ஏழானது. எட்டானது. குட்டி எட்டிப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட போலாம்மா," என்றாள் ரேகா. "அரை மணில முடிஞ்சிடும்னு போன்ல போட்டுருந்துச்சு."

"மொத பிரசவம்டி. நேரம் ஆவும். ஒன்ன பெக்க எனுக்கு மூணு நாள் ஆச்சு. அவசரப்படாத."

விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி அதன் வயிற்றில் தடவினேன். சீரகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். குடிக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பெட்டியில் விரித்திருந்த துணியில் ரத்தம் தெரிந்தது. ரேகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நான் உட்காரவில்லை.

வீட்டுக்காரர் டூட்டியில் இருந்தார். எதிர்வீட்டுத் தட்சிணாமூர்த்தி ஆட்டோ ஓட்டுகிறவன், பல் விளக்கிக்கொண்டிருந்தவனை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"பட்டாணிக்கு. வண்டிய எடுடா."

சிரிப்பான் என்று நினைத்தேன். ரேகாவின் முகத்தைப் பார்த்தவன் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையைக்கூட மாட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான்.

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு நாய் டாக்டர் உண்டு. ஷட்டர் மூடியிருந்தது. பலகையில் இருந்த நம்பருக்கு அடித்தேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் நாளைக்கு வாங்க என்று போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அந்த ஷட்டரை ஒரு எத்து எத்தினேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

"ஆவடில ஒரு மாட்டு டாக்டர் கீறாருக்கா. ஊட்லயே பாப்பாரு," என்றான் தட்சிணாமூர்த்தி.

ஆவடிக்கு ஓட்டினான். பெட்டி ரேகாவின் மடியில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் பெட்டியைத் தன் வயிற்றோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். பட்டாணியின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அது கத்தியபோது இருந்ததைவிட இப்போதுதான் பயம் அதிகமானது.

ஆவடி டாக்டர் வயசானவர். லுங்கியோடு வெளியே வந்தார். நல்ல மனுஷர், பட்டாணியைக் கையில் வாங்கி அடிவயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"தல வந்து எலும்புல மாட்டிக்கினு கீது. மாடுன்னா நான் கைய உட்டு எடுத்துருவேன். இதுக்கு என் சுண்டு விரல்கூடப் போவாது. வானகரத்துல ஒரு பொண்ணு கீது, கிளி, முயல் இதெல்லாம் பாக்கும். ஒடனே போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"பொழைக்குமா சார்?" என்றாள் ரேகா.

அவர் தட்சிணாமூர்த்தியைப் பார்த்து, "சீக்கிரம் போப்பா," என்றார்.

பருத்திப்பட்டு தாண்டி, காடுவெட்டி தாண்டி, வேலப்பன்சாவடி வரைக்கும் எப்படி வந்தோம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். இந்த எலியை எடுத்துக்கொள்ளாதே, எடுத்தால் என் பெண்ணையும் சேர்த்து எடுத்த மாதிரி என்று வேண்டினேன். வானகரத்தில் கல்யாண மண்டபங்கள் வரிசையாக இருக்கும். அன்றைக்கு முகூர்த்தம். கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. நான் இறங்கி ஓடினேன். பட்டுச் சேலைகளுக்கும் வேட்டிகளுக்கும் நடுவில், எண்ணெய்க் கறை நைட்டியும் மேலே ஒரு துண்டுமாக நின்று, ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் தட்டினேன்.

"நவுத்துயா. உள்ள பிரசவ கேஸ் கீது, நவுத்து."

நகர்த்தினார்கள். யாருக்குப் பிரசவம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வானகரத்து டாக்டரின் பேர் கவிப்பிரியா. ரேகாவைவிட நான்கைந்து வயது கூடுதலாக இருக்கும். எங்களுக்காக வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு, ஸ்கேன் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ரேகாவை உள்ளே அழைத்துப் போகும்படி உதவிக்கு இருந்தவளிடம் சொன்னார். என்னை மேசைக்கு எதிரே உட்காரவைத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

"எத்தனை மணிலேர்ந்து முக்குதும்மா?"

"ஆறு மணிலேர்ந்து."

மணியைப் பார்த்தார். பதினொன்றே கால். அதையும் எழுதினார்.

"முதல் பிரசவமா? என்ன வயசு ஆகுது?"

அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

"மொத பிரசவம்தான் டாக்டர். ஒரு வருஷம் முடியுது. கடக்காரன் மூணு மாசத்துலயே சேர்த்துடலாம்னான். நான்தான் உடல. ஒடம்பு நல்லா தேறட்டும்னு தை மாசம் வரைக்கும் காக்க வச்சேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

"அம்மா, மனுஷங்களுக்கு நீங்க நினைச்சது சரி. இதுங்களுக்கு அப்படியே தலைகீழ். இடுப்பு எலும்புல முன்பக்கம் ஒரு இணைப்பு இருக்கு. ஏழு, எட்டு மாசத்துக்குள்ள ஒரு தடவை குட்டி போட்டாதான் அது நெகிழ்ந்து கொடுக்கும். இல்லன்னா இறுகி ஒட்டிக்கும். அப்புறம் குட்டி வெளிய வர இடமே இருக்காது. அந்த வயசு தாண்டிட்டா சேர்க்கவே கூடாதும்மா."

"எட்டு மாசமா?"

"ஆமா. சரியான வயசுல சேர்த்தாலே இதுங்களுக்குப் பிரசவம் ஆபத்துதான். குட்டி அவ்வளவு பெருசா இருக்கும். இது ரொம்பக் குண்டா வேற இருக்கு. யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று நான் தள்ளித் தள்ளி வைத்த ஒவ்வொரு மாதமும் அந்தப் பலகைக்குப் பின்னால் அதன் எலும்பு இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது. தையில் நல்ல நாள் பார்த்து, சிரித்துக்கொண்டே, நானே பலகையை எடுத்தேன்.

ஸ்கேனில் மூன்று குட்டி தெரிந்தது. மூன்றுக்கும் துடிப்பு இல்லை. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், மயக்க மருந்தைத் தாங்குவதே சந்தேகம், செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும் என்று டாக்டர் ரேகாவிடம் சொன்னார். எதனால் இப்படி ஆனது என்று ரேகா கேட்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்து மண்டபத்திலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எதிரே ஒருவர் மடியில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ராத்திரியே அது சாப்புடலம்மா," என்றாள் ரேகா, என்னைப் பார்க்காமல். "பாத்துட்டும் நான் தூங்கிட்டேன். காலைல டாக்டர்கிட்ட போலாம்னு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல. நான் தொட்டா எதுவும் தங்காதும்மா."

இல்லைடி, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஊரையே வாயால் அடிக்கிறவள், என் பெண் பக்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் இவள் என்னை என்றைக்கும் மன்னிக்க மாட்டாள் என்ற பயம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. பட்டாணி உயிரோடு இருந்தது. குட்டிகளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். ரேகா பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் படித்துச் சொன்ன மாதிரியே இருந்தன. முடி, நகம், பல் எல்லாம் இருந்தது. ஒன்றின் கண் பாதி திறந்திருந்தது. அவள் அதை ஒற்றை விரலால் தடவிக் கொடுத்துவிட்டுத் துணியை மூடினாள்.

"எம்புள்ளைய எனுக்குக் காட்டவே இல்லம்மா," என்றாள்.

அது உண்மை. காட்ட வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான்.

பட்டாணியை ஒரு சூடான துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். ரேகா கையிலேயே வைத்திருந்தாள். ஒரு முறை கண்ணைத் திறந்தது. அவள் கொத்தமல்லித் தண்டு ஒன்றை அதன் வாயருகே பிடித்தாள். மூக்கு அசைந்தது, வாய் அசையவில்லை. டாக்டர் ஊசி போட்டார், மறுபடி ஒன்று போட்டார், நெஞ்சில் விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். இரண்டரை மணிக்கு விரலை எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அந்த அட்டைப்பெட்டியில் நான்கு பேர் இருந்தார்கள். மதுரவாயல் பைபாஸில் வெயில் தீயாக அடித்தது. ரேகா அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது இருந்த அதே முகம். வீட்டுக்குப் போனதும் இவள் மறுபடி அந்தச் சுவரோரம் படுப்பாள், இந்த முறை எழுந்திருக்க மாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

எஸ்டேட் பக்கம் வந்ததும் தட்சிணாமூர்த்தி ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினான். காலையிலிருந்து அவனும் ஒன்றும் சாப்பிடவில்லை. உங்களுக்கும் வாங்கி வரேன்க்கா என்று இறங்கிப் போனான்.

"நைனா கேட்டா இன்னாமா சொல்றது?" என்றாள் ரேகா. "நான் சரியா பாத்துக்கலன்னு சொல்லிடு."

"ரேகா," என்றேன். "ஒன்னால இல்லடி. என்னால."

அவள் திரும்பினாள். நான் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தியிருந்தால் மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டு மாதக் கணக்கைச் சொன்னேன், எலும்பைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன். காலையில் மூன்று மணி நேரம் எண்ணெய் தடவிக்கொண்டு நான் வீணாக்கியதைச் சொன்னேன். டாக்டர் என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் என்னை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ரேகா பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனுக்குத் தெரியாதுல்லமா," என்றாள். "தெரிஞ்சா செஞ்சிருப்பியா? நல்லதுன்னுதான செஞ்ச."

இவளிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். பதின்மூன்று மாதமாக ஒருவரும் சொல்லவில்லை. பெற்றவள் நான் சொல்லவில்லை.

"நீயும் அப்டித்தாண்டி," என்றேன். "நீ ரயில்ல போனதால புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. நான்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்."

என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"டாக்டரம்மா சொன்னாங்களா? எப்போ?"

"அன்னைக்கேதான். ஒன்ன வார்டுக்குள்ள இட்டுக்கினு போனப்புறம். வராந்தாவுல."

"அன்னைக்கேவா?"

"ம்."

அவள் என் கையை விட்டாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் விட்டாள். ஆஸ்பத்திரியிலும் வராத, வீட்டிலும் வராத அழுகை அந்த ஆட்டோவுக்குள் வந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி நழுவாமல் நான் பிடித்துக்கொண்டேன். தட்சிணாமூர்த்தி இரண்டு கையிலும் டீ கிளாஸோடு ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டான்.

"அத்த எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள் என் மகள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். "ஏம்மா சொல்லல? இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"